பஞ்ச் நீடில்: லூப் கழன்று வருகிறது, இலையுதிர்கால நிறங்களுக்கு வீட்டுச் சாயமும் வேண்டும்

நூல்கண்டு (கேள்வி)

வணக்கம் தோழிகளே. இலையுதிர்காலத்தின் முதல் வாரங்களுக்குள் இரண்டு பொருட்களை முடிக்க வேண்டும். ஒன்று, 30 செ.மீ. சதுரத்தில் மேப்பிள் இலை போட்ட குஷன் உறை. மற்றொன்று, ஜன்னலில் தொங்கவிட 7 இலைகள் கோத்த ஒரு சரம். இரண்டுமே பஞ்ச் நீடில் வேலை, அதாவது குழாய் போன்ற ஊசியால் துணியில் குத்தி நூலை லூப்பாக (சிறு வளையமாக) எழுப்பும் வேலை.

கையில் இருப்பவை: 6 மி.மீ. லூப் போடும் மரக்கைப்பிடி ஊசி, காடாத் துணி, 20 செ.மீ. மூங்கில் வளையம், வெள்ளையில் 4 பிளை கம்பளி நூல் 300 கிராம், கொஞ்சம் அக்ரிலிக் நூல்.

சிக்கல்கள்:

நாலைந்து தையல் போட்டதும் முதலில் போட்ட லூப் தானாக வெளியே வந்துவிடுகிறது. பின்பக்கம் பசை தடவினால் நிற்குமா?

சாம்பிளில் போட்ட எழுத்து முன்பக்கத்தில் திரும்பித் தெரிகிறது.

வெள்ளை நூலுக்கு இந்தப் பருவத்தில் கிடைக்கும் சருகு, தோல், பூ இவற்றைக் கொண்டு வீட்டிலேயே சாயம் போட ஆசை. எது நிற்கும், எது வெளுக்கும்? அளவுகளோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

சரத்துக்கான இலைகளை வெட்டியபின் விளிம்பு பிரியாமல் எப்படி முடிப்பது?

---

ஊசிமுனை

பசையை இப்போதைக்கு எடுத்து வையுங்கள். லூப் கழல்வதற்குக் காரணம் துணியும் நூலும்தான். அவற்றைச் சரிசெய்யாமல் பசை தடவினால் தளர்ந்த லூப் தளர்ந்தபடியே ஒட்டிக்கொள்ளும்.

பஞ்ச் நீடிலில் முடிச்சு கிடையாது. ஊசி நுழையும்போது துணியின் இழைகள் விலகுகின்றன, ஊசி வெளியேறியதும் மறுபடி நெருங்கி வந்து லூப்பின் கழுத்தைப் பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிடி ஒன்றுதான் லூப்பை நிறுத்துகிறது. காடாத் துணியில் இழைகள் மிக நெருக்கம். பருமனான ஊசி அவற்றை விலக்க முடியாமல் அறுத்துக்கொண்டு போகும். அறுந்த ஓட்டை மூடாது, அதனால் பிடிக்க ஒன்றும் இருக்காது. உங்கள் ஊசிக்கு ஏற்ற துணி மாங்க்ஸ் கிளாத். முழுக்கப் பருத்தி, இரண்டிரண்டு இழையாக நெய்தது, ஒரு அங்குலத்துக்கு 12 முதல் 14 கண்கள் (இழைகளுக்கு நடுவிலுள்ள துளைகள்) இருக்கும். இழைகளுக்கு நெகிழ்வு உண்டு, பிரித்துப் பிரித்துக் குத்தினாலும் தாங்கும். அதே அளவு கண்ணுள்ள லினனும் சரி. சணல் சாக்குத் துணி மலிவாகத் தெரியும், ஆனால் இழை வறண்டு முறியும், கண்ணும் ஒரே சீராக இருக்காது. கிராஸ் ஸ்டிட்ச்சுக்கான ஐடா துணியும் வேண்டாம். அதன் கண்கள் திறந்தபடியே விறைப்பாக நிற்பவை, லூப்பை நெருக்கிப் பிடிக்காது.

அடுத்தது நூல். 4 பிளை ஒற்றையாக உங்கள் ஊசிக்கு மெல்லியது. மெல்லிய நூல் ஊசிக்குள் வழுக்கி ஓடும், துணியின் கண்ணையும் நிரப்பாது. இரண்டு இழையாகச் சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். கோத்தபின் ஊசியைத் தலைகீழாகப் பிடித்து நூலை விரலால் இழுத்துப் பாருங்கள். எங்கும் சிக்காமல் ஓட வேண்டும், அதே சமயம் குழாய்க்குள் பாதி இடம் காலியாகவும் இருக்கக் கூடாது. இரண்டு இழையில் இன்னொரு லாபமும் உண்டு: ஒரு இழை துரு நிறம், ஒரு இழை பொன்மஞ்சள் என்று கலந்து கோத்தால் காய்ந்த இலையின் புள்ளிப் புள்ளியான நிறம் தானாகவே கிடைத்துவிடும். ஒரே நிறத்தில் நிரப்பிய இலை என்றைக்குமே அட்டையில் வெட்டியது போலத்தான் தெரியும்.

துணியும் நூலும் சரியாக இருந்தும் லூப் கழன்றால் கையைக் கவனியுங்கள். ஊசியின் பிளவுபட்ட பக்கம் நீங்கள் போகும் திசையைப் பார்க்க வேண்டும். கைப்பிடி துணியில் முட்டும்வரை ஒவ்வொரு முறையும் முழுதாகக் குத்துங்கள். பாதியில் நிறுத்தினால் குட்டையான லூப் வரும், பக்கத்துத் தையல் அதை இழுத்துவிடும். வெளியே எடுக்கும்போது ஊசி முனை துணியை விட்டு எழவே கூடாது. பென்சில் காகிதத்தில் உரசிப் போவது போல மேற்பரப்பைத் தொட்டபடியே அடுத்த கண்ணுக்கு நகர வேண்டும். அரை அங்குலம் தூக்கினால் போதும், இப்போது போட்ட லூப்பிலிருந்தே நூல் உருவப்பட்டுவிடும். நாலைந்து தையலுக்குப் பிறகு பழையது கழல்கிறது என்றால் பெரும்பாலும் இதுதான் காரணம், அல்லது நூல் எங்கோ மாட்டி இழுபடுகிறது. நூல் உருண்டையை மடியில் வைக்காமல் தரையில் வைத்து, 2 மீட்டராவது முன்கூட்டியே இழுத்துத் தளர்வாக விட்டுக்கொள்ளுங்கள். முழங்கையோ நாற்காலிக் காலோ நூல்மேல் ஏறியிருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள்.

துணியை விரலால் தட்டினால் மத்தளம் போல ஒலிக்க வேண்டும். மூங்கில் வளையம் அவ்வளவு இறுக்கத்தை வெகுநேரம் தாங்காது. உள்வளையத்தைப் பருத்தி நாடாவால் சுற்றிக் கட்டினால் வழுக்கல் குறையும். 30 செ.மீ. வேலைக்கு 20 செ.மீ. வளையம் எப்படியும் பொருந்தாது, நகர்த்தும்போதெல்லாம் முடிந்த லூப்புகள் நசுங்கும். 35 செ.மீ. உள்ளளவுள்ள மரச்சட்டம் ஒன்றில் துணியை இழுத்து ஸ்டேப்பிள் அடித்துக்கொள்ளுங்கள். நான்கு பக்கத்தின் நடுவில் முதலில், பிறகு நடுவிலிருந்து மூலைகளை நோக்கி. இழை கோணாமல் நேராக ஓடுகிறதா என்று ஒவ்வொரு பக்கத்திலும் பாருங்கள். கோணலாக இழுத்த துணி சட்டத்திலிருந்து கழற்றியதும் திரும்பிக்கொள்ளும், சதுரம் சாய்சதுரமாகிவிடும்.

எழுத்து திரும்புவது இயல்பு. நாம் குத்துவது பின்பக்கத்தில், லூப் எழுவது முன்பக்கத்தில். அதனால் படத்தை இடவலமாக மாற்றித்தான் வரைய வேண்டும். காகிதத்தில் வரைந்து, காகிதத்தைத் திருப்பி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, அதன் மேல் துணியை வைத்து நகலெடுத்தால் போதும். தட்டையான தையல் பக்கமே முகப்பாக இருக்கட்டும் என்று முடிவு செய்தால் மாற்ற வேண்டியதில்லை.

பிரிக்கவும் பயப்பட வேண்டாம். ஒரு வரிசையை உருவியபின் ஊசி முனையால் கண்களை மெல்லச் சுரண்டினால் இழைகள் பழைய இடத்துக்கு வந்துவிடும், அதே இடத்தில் மறுபடி குத்தலாம். உருவிய நூலில் முறுக்கு போயிருக்கும், அதை நிரப்பும் இடங்களுக்கு வைத்துக்கொண்டு ஓரத்துக்குப் புது நூலை எடுங்கள்.

---

சாயச்சட்டி

துணி, ஊசி விஷயத்தை ஊசிமுனை சொல்லிவிட்டார். சாயத்துக்கு வருகிறேன்.

முதலில் அக்ரிலிக்கை ஒதுக்கி வையுங்கள். தாவரச் சாயம் அதில் ஏறவே ஏறாது. கம்பளிக்கு அருமையாக ஏறும். கீழே சொல்லும் அளவெல்லாம் உலர்ந்த கம்பளி 100 கிராமுக்கு.

நூலை உருண்டையாகச் சாயத்தில் போடக் கூடாது. சிட்டமாக, அதாவது நீண்ட தளர்ந்த வளையமாகச் சுற்றி நான்கு இடத்தில் பருத்திக் கயிற்றால் எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். இறுக்கிக் கட்டிய இடத்தில் சாயம் போகாமல் வெள்ளைத் திட்டு நின்றுவிடும். மிதமான சோப்பு நீரில் அலசி, குறைந்தது 1 மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவிடுங்கள். கசக்காதீர்கள்.

பிறகு படிகாரம். சாயத்தை இழையோடு பிணைப்பது அதுதான், அதைத் தவிர்த்துவிட்டு முழுச் சாக்கு வெங்காயத் தோலைக் கொட்டினாலும் நிறம் மங்கலாகவே வரும். படிகாரம் 12 கிராம், க்ரீம் ஆஃப் டார்ட்டர் (பேக்கிங்கில் பயன்படும் புளிப்புத் தூள்) 6 கிராம். இரண்டையும் சுடுநீரில் கரைத்து 4 லிட்டர் தண்ணீரில் கலந்து, ஈரமான சிட்டத்தை இறக்குங்கள். முக்கால் மணி நேரத்தில் மெதுவாக 80 முதல் 85 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றி, அங்கேயே 1 மணி நேரம் வைத்து, அதே பாத்திரத்தில் ஆறவிடுங்கள். கொதிக்கவிட வேண்டாம். கம்பளியைக் கெடுப்பது சூடு மட்டும் அல்ல, சூட்டில் திடீர் மாற்றமும் கிளறலும்தான். சூடான சிட்டத்தைக் குளிர்நீரில் போட்டால் இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகி ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) போலாகிவிடும்.

இனி நிறங்கள். இலையுதிர்காலத்துக்கு நான்கு பொருள் இருந்தால் முழு மரத்தையும் போட்டுவிடலாம்.

வெங்காயச் சருகு 100 கிராம். பழுப்பு மஞ்சள் தோல்தான் வேண்டும். இரவு ஊறவைத்து, 1 மணி நேரம் காய்ச்சி வடிகட்டி, ஓரளவு ஆறியபின் படிகாரம் ஏற்றிய சிட்டத்தை இறக்கி 80 டிகிரியில் 1 மணி நேரம். செம்பு கலந்த ஆரஞ்சு வரும். அந்த நீரைக் கொட்டிவிடாதீர்கள். அதிலேயே இரண்டாவது சிட்டம் போட்டால் தேன் நிறம், மூன்றாவதுக்கு வெளிர் மஞ்சள். ஒரே இலைக்குள் அழகாக ஒத்துப்போகும் மூன்று சாயல்கள் ஒரு பாத்திரத்தில் கிடைத்துவிடும்.

செண்டுமல்லிப் பூ, பச்சையாக 200 கிராம் அல்லது காய்ந்தது 100 கிராம். தெளிவான பொன்மஞ்சள் தரும். அதிக சூட்டில் மங்கிப் பழுப்படிக்கும், எனவே 75 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வால்நட்டின் பச்சை மேல்தோல் 200 கிராம். கொட்டையின் கெட்டியான ஓடு அல்ல, அதற்கு மேல் சதைப்பற்றாக இருக்குமே, அது. இந்தப் பருவத்தில்தான் அது கறுத்து உதிர்கிறது. நான்கைந்து நாள் நீரில் ஊறவைத்து 1 மணி நேரம் காய்ச்சி வடிகட்டுங்கள். இதற்குப் படிகாரமே வேண்டாம், நேராகச் சாயம் பிடிக்கும். மரப்பட்டை போன்ற ஆழ்ந்த பழுப்பு வரும். கையுறை கட்டாயம் போடுங்கள். தோலில் ஏறிய கறை பல நாட்களுக்குப் போகாது. மிச்ச நீரைச் செடி வேரில் ஊற்றாதீர்கள், அதிலுள்ள ஜுக்லோன் என்ற வேதிப்பொருள் பல செடிகளின் வளர்ச்சியைத் தடுக்கும்.

மாசிக்காய்ப் பொடி 15 கிராம். இதோடு அன்னபேதி (இரும்பு சல்பேட்) 2 கிராம் சேர்ந்தால் சாம்பலிலிருந்து கருஞ்சாம்பல் வரை கிடைக்கும். இலை நரம்புக்கும் நிழலுக்கும் ஏற்றது.

அன்னபேதியின் உண்மையான பயன் வேறு. வெங்காயச் சருகிலோ செண்டுமல்லியிலோ சாயம் ஏறிய சிட்டத்தை 1 கிராம் அன்னபேதி கரைத்த வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் முக்கி எடுத்தால், மஞ்சள் அப்படியே பாசிப்பச்சைக்குத் திரும்பும். முழுதும் பழுக்காத இலையின் பச்சை அது, பருவத் தொடக்கத்துக்கு இதைவிடப் பொருத்தமான நிறம் எனக்குத் தெரிந்து இல்லை. 2 கிராமுக்கு மேல் போக வேண்டாம். இரும்புச் சத்து அதிகமானால் கம்பளி சொரசொரத்து நாளடைவில் முறியும். அன்னபேதி நீர் வைத்த பாத்திரத்தை நன்றாகக் கழுவாமல் அடுத்த மஞ்சளைக் காய்ச்சினால் அதுவும் கறுத்துவிடும்.

சிவப்புக்கு மஞ்சிட்டி வேர். படிகாரம் ஏற்றிய நூலில் செங்கல் சிவப்பு வரும். பருவச் சருகில் அந்தச் சிவப்பு கிடைக்காது. சிவந்த இலைகளைக் காய்ச்சினால் வருவது பெரும்பாலும் பழுப்போ மங்கல் மஞ்சளோதான், இலையில் கண்ட சிவப்பு நூலுக்கு வராது.

வெளுப்பவை: மஞ்சள்தூள், பீட்ரூட், பெர்ரிப் பழங்கள் எல்லாம். பாத்திரத்தில் பார்க்க மனதைக் கவரும், ஜன்னல் வெயிலில் சில வாரங்களுக்குள் போய்விடும். உங்கள் சரம் ஜன்னலில் தொங்கப் போகிறது என்பதால் இவற்றை முழுதாக ஒதுக்குங்கள். சந்தேகமுள்ள எந்தச் சாயத்தையும் சோதிக்க, ஒரு அட்டையில் நூலைச் சுற்றி, பாதியைத் தடித்த காகிதத்தால் மூடி, வெயில் படும் ஜன்னலில் 2 வாரம் வையுங்கள். மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் வித்தியாசம் கண்ணில் பட்டால் அந்த நிறத்தைச் சரத்தில் சேர்க்காதீர்கள்.

பாத்திரம் எவர்சில்வர். சமையலுக்கு அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது, கரண்டி, வடிகட்டி உட்பட. ஒரு பொருளுக்குத் தேவையான முழு நூலையும் ஒரே தடவையில் சாயம் போட்டுவிடுங்கள். தண்ணீர் மாறினாலே நிறம் மாறும், குறைந்த 10 கிராமை இன்னொரு நாள் அதே சாயலில் கொண்டுவர முடியாது.

ஒன்று சொல்ல மறந்தேன். சாயம் ஏறிய கம்பளி கொஞ்சம் உப்பிப் பஞ்சுபோலாகும். அதனால் ஊசிமுனை சொன்ன இழுத்துப் பார்க்கும் சோதனையைச் சாயத்துக்குப் பிறகு இன்னொரு முறை செய்யுங்கள்.

---

இலைச்சரம்

சரத்துக்கான இலைகளைப் பற்றி.

வடிவத்தை மனதிலிருந்து வரைய வேண்டாம். உதிர்ந்த இலையையே எடுத்து, ஒரு தடித்த புத்தகத்தில் ஒரு நாள் வைத்துத் தட்டையாக்கி, துணியின் மேல் வைத்துச் சுற்றி வரையுங்கள். பிறகு எளிமைப்படுத்துங்கள். 6 மி.மீ. லூப்புக்கு 1 செ.மீ.க்கும் குறுகிய முனைகள் தெளிவாக வராது, லூப்புகள் சாய்ந்து முனையை மூடிவிடும். மேப்பிளின் சிறுபற்களை விட்டுவிட்டு ஐந்து பெரிய மடல்களை மட்டும் வையுங்கள். இலை 12 முதல் 15 செ.மீ. அகலம் இருக்கட்டும். அதைவிடச் சின்னதாக வேண்டும் என்றால் ஊசியையே மாற்ற வேண்டும்: மூன்று இழை எம்ப்ராய்டரி நூல் ஓடும் மெல்லிய ஊசியும், நெருக்கமாக நெய்த பாலிகாட்டன் துணியும். அந்த ஊசிக்கு மாங்க்ஸ் கிளாத் ஆகாது, கண் பெரிது.

முதலில் நரம்பு, அடுத்து வெளி ஓரம், கடைசியில் நிரப்பல். இந்த வரிசை முக்கியம். நிரப்பியபின் நரம்பைப் போட முயன்றால் அதற்கு இடமே இருக்காது. ஒற்றை வரிசை நரம்பைப் பக்கத்து லூப்புகள் விழுங்கிவிடும் என்பதால் இரண்டு வரிசையாகப் போடுங்கள். இன்னும் அழகான வழி, நரம்பை மட்டும் துணியின் முன்பக்கத்திலிருந்து குத்துவது. அப்போது நரம்பு தட்டைத் தையலாகப் பள்ளத்தில் ஓடும், இருபுறமும் லூப் மேடாக நிற்கும். உண்மையான இலையிலும் மேற்பக்கத்தில் நரம்பு பள்ளமாகத்தான் ஓடுகிறது.

நிறம் மாறும் இடத்தை நேர்கோடாக வெட்டாதீர்கள். தேன் நிறத்தின் கடைசி வரிசையைச் சீப்புப் பற்கள் போல ஏற்ற இறக்கமாக விட்டு, அந்த இடைவெளிகளில் ஆரஞ்சை நுழையுங்கள். ஓரத்தில் கருமையான சாயலும் காம்பருகே பச்சையும் வைத்தால் இலை பழுக்கும் விதத்தோடு ஒத்துப்போகும்.

வெட்டும் முன் இலையைச் சட்டத்திலிருந்து கழற்றி, பின்பக்கத்தில் ஈரத்துணி போட்டு இஸ்திரிப்பெட்டியை வைத்து எடுங்கள், இழுக்காமல். பிறகு தையல் வரிசைக்கு வெளியே 1 செ.மீ. அகலத்துக்குத் துணிப்பசையை மெலிதாகத் தடவி முழுதாகக் காயவிடுங்கள். மாங்க்ஸ் கிளாத் கத்திரி பட்டவுடன் பிரியத் தொடங்கும் துணி, பசை காயாமல் வெட்டவே கூடாது. 1 செ.மீ. விட்டு வெட்டி, மடல்களுக்கு நடுவிலுள்ள உள்மூலைகளில் தையலுக்கு 2 மி.மீ. முன்வரை வெட்டுப் போட்டு, ஓரத்தைப் பின்னால் மடித்து ஒட்டுங்கள். முனைகளில் துணி குவிந்து தடித்தால் உபரியைக் கூராக வெட்டி எடுத்துவிடுங்கள். அதன் மேல் இலையைவிட 3 மி.மீ. சின்னதாக வெட்டிய கம்பளி ஃபெல்ட்டைச் சுற்றித் தைத்துவிட்டால் பின்பக்கமும் பார்வையாக இருக்கும். காம்புக்கு 6 செ.மீ. மெல்லிய கம்பியில் பழுப்பு நூலைச் சுற்றி ஃபெல்ட்டுக்கும் துணிக்கும் நடுவே 2 செ.மீ. நுழைத்துத் தையுங்கள்.

சரம் முழுக்கக் கம்பளி இலையாகவே இருக்க வேண்டியதில்லை. நடுநடுவே தேன்மெழுகில் தோய்த்த நிஜ இலைகளையும் ஓக் கொட்டைகளையும் கோத்தால் பருவமே ஜன்னலுக்கு வந்துவிடும். மெழுகை நேரடி நெருப்பில் வைக்காமல், சுடுநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். தேன்மெழுகு ஏறக்குறைய 63 டிகிரியில் உருகும், 70 முதல் 75 டிகிரிக்குள் வைத்திருங்கள். அதைவிடச் சூடானால் இலை வெந்து சுருங்கும், குறைந்தால் மெழுகு வெள்ளையாகத் தடித்துப் படியும். காம்பைப் பிடித்து 2 நொடி முக்கி, வழியவிட்டுத் தொங்கவிடுங்கள். இலை உதிர்ந்து நொறுங்கும் நிலைக்கு வருமுன், நெகிழ்வாக இருக்கும்போதே செய்ய வேண்டும். ஈரம் துளியும் இருக்கக் கூடாது. மெழுகு இலை கம்பளி இலையை உரசாமல் இடையில் 5 செ.மீ. விடுங்கள், வெயிலில் மெழுகு இளகினால் நூலில் எண்ணெய்க் கறை படும்.

ஓக் கொட்டைகளை எடுத்தவுடன் நீரில் போடுங்கள். மிதப்பவற்றில் பெரும்பாலும் உள்ளே புழு துளைத்திருக்கும், அவற்றை விலக்குங்கள். மூழ்கியவற்றைத் துடைத்து ஓவனில் 90 டிகிரியில் 2 மணி நேரம் உலர்த்துங்கள். இதைச் செய்யாமல் கோத்தால் சில நாளில் கொட்டையில் வட்டமாக ஒரு ஓட்டை விழும், புழு வெளியே வந்துவிடும். உலரும்போது தொப்பி கழன்றுவிடும், பசை போட்டுத் திரும்ப ஒட்டினால் சரி.

---

மரச்சட்டம்

இலைச்சரம் சொன்ன பசை முறை தொங்கவிடும் பொருளுக்குச் சரிதான். குஷனுக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பசை காய்ந்தால் துணி விறைக்கும், சாயும்போது குஷன் வளையாது, துவைக்கும்போது பசை கட்டிகட்டியாக உதிரும். குஷனில் விளிம்பைத் தையல்தான் பிடிக்க வேண்டும்.

துணியை 50 செ.மீ. சதுரமாக வெட்டி, வெட்டியவுடனேயே ஓரத்தில் ஜிக்ஜாக் தையல் போட்டுவிடுங்கள். 30 செ.மீ. வேலை முடிந்தபின் சுற்றி 2.5 செ.மீ. விட்டு இன்னொரு ஜிக்ஜாக், அதற்கு வெளியே வெட்டு. பின்துணி இரண்டு துண்டு, ஒன்றன்மேல் ஒன்று 10 செ.மீ. ஏறும்படி. நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க வைத்து, தையல் மெஷினில் ஜிப் ஃபுட் (ஜிப் தைக்கும் குறுகிய பாதம்) மாட்டி, கடைசி லூப் வரிசையின் மேலேயே தையுங்கள். வரிசைக்கு வெளியே தைத்தால் திருப்பியதும் ஓரத்தில் வெள்ளைத் துணி பல்லிளிக்கும். உள்ளே வைக்கும் திண்டு 32 அல்லது 33 செ.மீ. இருந்தால் மூலைகள் தொய்யாது.

நூல் போதுமா என்பதைச் சாம்பிளில் கணக்குப் போடுங்கள். துணியின் ஓரத்தில் 5 செ.மீ. சதுரம் வரைந்து, 10 மீட்டர் நூலை அளந்து எடுத்து அதை நிரப்புங்கள். மீதியை அளந்து கழித்தால் 25 சதுர செ.மீ.க்கு ஆகும் நூல் தெரியும். 30 செ.மீ. சதுரம் என்பது அதைப் போல 36 மடங்கு. அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு இழையாகக் கோத்திருந்தால் இரண்டால் பெருக்க மறக்காதீர்கள். ஒவ்வொருவர் கைக்கும் நெருக்கம் மாறும் என்பதால் பொதுவான கிராம் கணக்கை நான் நம்புவதில்லை.

---

நூல்கண்டு

எல்லோருக்கும் நன்றி தோழிகளே. மாங்க்ஸ் கிளாத்தும் சட்டமும் மாற்றியாயிற்று, இரண்டு இழையாகக் கோத்ததில் லூப் நிற்கிறது. இப்போது வேறு சிக்கல். 15 செ.மீ. இலை ஒன்றை நிரப்பியதும் துணி கிண்ணம் போலக் குழிந்துவிட்டது. இஸ்திரி போட்டும் முழுதாகத் தட்டையாகவில்லை. எல்லாக் கண்ணிலும் குத்தியிருக்கிறேன். சாம்பிள் கணக்குப்படி நூலும் போதாது. பின்னணிக்கு அந்த அக்ரிலிக்கைப் பயன்படுத்தலாமா?

---

ஊசிமுனை

எல்லாக் கண்ணிலும் குத்தியதுதான் காரணம். லூப்புகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும்போது துணிக்குப் போக இடமில்லாமல் குழிகிறது. ஓரத்துக்கு ஒரு கண் விட்டு ஒரு கண், அதாவது அங்குலத்துக்கு 6 தையல். நிரப்பும்போது இரண்டு கண் விட்டுக் குத்தினால் அங்குலத்துக்கு 4 வரும். வரிசைக்கும் வரிசைக்கும் நடுவில் இரண்டு கண் விடுங்கள். பின்பக்கத்தில் பார்த்தால் இடையிடையே துணி தெரியும், அது தவறில்லை. முன்பக்கத்தில் விரலால் கோதினால் துணி தெரியாமல் இருந்தால் போதும். இந்த நெருக்கத்தில் சாம்பிளைத் திரும்பப் போடுங்கள். நூல் கணக்கும் கணிசமாக இறங்கும், பற்றாக்குறையில் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடலாம்.

நிரப்பும் வரிசைகளை நேர்நேராக ஓட்டாமல் இலையின் வளைவைப் பின்பற்றி ஓரத்திலிருந்து உள்நோக்கிப் போங்கள். எல்லா வரிசையும் ஒரே திசையில் போனால் துணி அந்தப் பக்கமாக இழுபடும். பின்னணியையும் இலையைச் சுற்றி இரண்டு வரிசை போட்டபின் அலையலையாக நிரப்புங்கள். குழிந்த இலையைக் காப்பாற்ற, ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையை உருவிவிட்டு மறுபடி ஈரத்துணியோடு அழுத்திப் பாருங்கள்.

அக்ரிலிக் பின்னணி போடலாம், ஆனால் இஸ்திரி நின்றுவிடும். சூடு பட்டால் அக்ரிலிக் லூப் உருகிப் படிந்து மினுமினுக்கும், பிறகு எழும்பாது. கம்பளியும் அக்ரிலிக்கும் ஒரே துண்டில் இருந்தால் முழுதையும் தண்ணீர் தெளித்து, பலகையில் குண்டூசி அடித்து இழுத்துக் காயவிடத்தான் முடியும்.

---

சாயச்சட்டி

பின்னணிக்கு அக்ரிலிக் வேண்டாம் என்பதே என் கருத்து. சாயமேறிய கம்பளியின் ஆழ்ந்த நிறத்துக்குப் பக்கத்தில் அது தட்டையாகத் தெரியும். வெங்காயச் சருகின் மூன்றாவது நீர், வெளிர் மஞ்சள், பின்னணிக்கென்றே வந்தது போல இருக்கும். 300 கிராமில் 150 கிராமைப் பின்னணிக்கு ஒதுக்கி, இலைக்கு ஆரஞ்சு 50, தேன் 40, பாசிப்பச்சை 30, பழுப்பு 30 என்று பிரித்துப் பாருங்கள். சரத்துக்குத் தனியாக இன்னொரு 100 கிராம் தேவைப்படும். அதை இப்போதே வாங்கி, இதே பாத்திரங்களில் சேர்த்தே சாயம் போட்டுவிடுங்கள். பின்னணி நூல் 150 கிராம் என்பதால் படிகாரம் 18 கிராம், க்ரீம் ஆஃப் டார்ட்டர் 9 கிராம், தண்ணீர் 6 லிட்டர். சிட்டம் பாத்திரத்தில் தாராளமாக மிதக்க வேண்டும், நெருக்கமாகத் திணித்தால் திட்டுத்திட்டாக ஏறும்.